கரையும் நூலும் கரையாத கடமையும்

கவ்வாத்து மலையிலே ஒரு தொழிலாளியின் கையிற் கத்தி பட்டுவிட்டதென்று கொள்வோம். அவர் வைத்தியசாலைக்கு இறங்கிக் காயத்தைத் தைத்துக்கொள்கிறார். அன்றைய பேர் போயிற்று. சில நாள் கழித்துத் தையலைப் பிரிக்க மீண்டும் வரவேண்டும். அன்றும் பேர் போயிற்று. பஸ்ஸுக்குக் காசும் போயிற்று. நகரத்தார்க்கு அரைமணி நேர அலுவல், ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டத்தார்க்கு ஒரு நாட் கூலி.

இந்த இரண்டாம் பயணத்தைத் தவிர்க்கும் வழியை விஞ்ஞானம் கண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. விலங்குக் குடலிற் செய்த பழைய நூலும் உடலிற் கரையும். ஆனால் எப்போது கரையுமென்று உறுதி சொல்வதற்கில்லை. 1970 ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த பொலிகிளைக்கோலிக் அமில நூல் அந்தக் குறையைத் தீர்த்தது. உடலின் நீரே அதன் பிணைப்புகளை அறுக்க, ஏறக்குறைய 60 முதல் 90 நாள்களில் அது கரைந்து மறைகிறது. மருத்துவர் ஏற்றதெனக் கருதும் காயங்களிற் பிரிக்க வேண்டிய தையலே இல்லை.

இந்த இனத்தைச் சேர்ந்த பல்பகுதியங்களில் இன்னொரு வகை, இலக்டிக் அமிலத்தையும் கிளைக்கோலிக் அமிலத்தையும் கோத்துச் செய்வது. கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணின் காற்றசையில் உண்டாகும் அதே இலக்டிக் அமிலந்தான்! அதன் நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்தை அடைத்து ஊசியாக ஏற்றினால், உருண்டை கரையக் கரைய மருந்து சிறிது சிறிதாக வெளிப்படும். ஆண்களுக்கு வரும் புரஸ்டேற் புற்றுநோய்க்கு மாதம் ஓர் ஊசி போதுமென்ற மருந்துக்கு 1989 இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. மனநோய்க்கும் இவ்வகை ஊசி உண்டு.

“விலை அதிகம்” என்பர் கணக்குப் பார்ப்போர். யாருடைய கணக்கு? மலிவான நூலினால் திறைசேரிக்கு மிச்சமாகும் பணத்தைத் தொழிலாளி தம் இழந்த பேராலும் பஸ் கட்டணத்தாலும் செலுத்துகிறார். அந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆதலால் அது செலவே அன்று என்று எண்ணுகின்றனர்!

விலையைக் குறைக்கும் வழியும் இந்நாட்டார் அறிந்ததே. பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய நெறியில் 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், வணிகப் பெயரைத் தள்ளி மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாகக் கொள்வனவு செய்ய முனைந்தது. அந்நெறியை விட்டு விலகிய நாடு எங்கே வந்து நின்றது? 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே மருந்தின்றித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. 2023 இல் தரங்கெட்ட இம்யூனோகுளோபுலின் விவகாரம் வெடித்து நீதிமன்றம் வரை சென்றது.

புதியதெல்லாம் நல்லதென்று நாம் வாதிடவில்லை. கரையும் பல்பகுதியத்தாலான இதயக்குழாய்த் தாங்கியொன்று 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து உலோகத் தாங்கியிலும் கூடுதலெனக் கண்டபின் 2017 இல் விற்பனை நிறுத்தப்பட்டது. மேலும், உடலுக்குள் நீரினாற் கரைவது பெட்டிக்குள் ஈரத்தினாலுங் கெடும். மழை ஓயாத மலைநாட்டில் அதைக் காக்க உலர்ந்த களஞ்சியம் வேண்டும். கண்காணிக்க மருந்தாளர் வேண்டும்.

இன்னொன்று சட்டத்தின்பாற்பட்டது. மாத்திரை ஒவ்வாவிடின் நாளை நிறுத்தலாம். ஒரு மாதம் கரையும் ஊசியை ஏற்றியபின் திரும்ப எடுத்தல் அரிது. ஆகவே அதற்கான சம்மதம், நோயாளி விளங்கிக்கொண்டு தந்த சம்மதமாக இருத்தல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வாறிருக்க, வாசிக்கவியலாத படிவத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கைந்நாட்டை வாங்குவது சம்மதமாகுமா? ஆகாது!

1948 இற் பறித்த குடியுரிமையின் மிச்சக் கணக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்ததென்பர். குடிமக்களென்றால் குடிமக்களுக்குரிய வைத்தியமும் வேண்டும். நாம் கேட்பன மூன்று: நுவரெலியா மாவட்டத்தின் ஒவ்வோர் அரச வைத்தியசாலையிலும் கரையும் நூல் எந்நாளும் இருப்பில் இருத்தல், நீடித்துச் செயற்படும் ஊசிகளைப் பொதுப்பெயரால், தரம் சோதித்துக் கொள்வனவு செய்தல், தமிழிற் சம்மதப் படிவமும் அதை விளக்கத் தமிழறிந்த தாதியும். அரசாங்கம் என்ன சொல்கிறது?

நூல் கரையலாம். கடமை கரையலாகாது.