துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன சர்ச்சுகள்: உத்திரமேரூர் பக்கம் அரிவாளுக்கும் அந்த வழி எடுபடுமா?

அமெரிக்காவில் 2021-ம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். அங்கே பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையை விட அதிகம். 100 பேருக்கு 120 துப்பாக்கி என்கிறது 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' 2018-ல் வெளியிட்ட கணக்கு. இந்தியாவில் அது 100 பேருக்கு சுமார் 5. ஆனா, நம்ம மக்கள்தொகைக்கு அதுவே 7 கோடியைத் தாண்டுது. அதில் பதிவு செய்யப்பட்டவை ஒரு கோடி கூட இல்லை என்பது அதே கணக்கின் மதிப்பீடு.

"சரி, இதுக்கும் உத்திரமேரூருக்கும் என்ன சம்பந்தம்? இங்க யாரு துப்பாக்கி வெச்சிருக்கா?" நியாயமான கேள்விதான். காஞ்சிபுரம் மாவட்ட கிராமங்களில் துப்பாக்கி அரிது. லைசென்ஸ் வைத்திருக்கும் சிலரும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே பழிவாங்கலின் ஆயுதம் அரிவாளும் நாட்டு வெடிகுண்டும்தான். காஞ்சிபுரத்தைக் கலக்கிய ஸ்ரீதர் தனபால் 2017-ல் கம்போடியாவில் இறந்த பிறகு, அவர் இடத்தைப் பிடிக்க நடந்த மோதல்களில் விழுந்த கொலைகள் செய்தி படிக்கிற எல்லாருக்கும் தெரிந்தவை.

ஆயுதம் வேற. ஆனா, ஒரு கொலைக்குப் பதில் இன்னொரு கொலை, அதுக்குப் பதில் மூணாவது கொலை என்ற கணக்கு பாஸ்டனிலும் நாகாலாந்திலும் காஞ்சிபுரத்திலும் ஒண்ணுதான். அந்தக் கணக்கை நடுவில் நிறுத்த சில இடங்களில் சர்ச் ஊழியர்கள் முயன்றிருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் இந்தப் பக்கத்துக்கு ஆகக்கூடியது எது, ஆகாதது எது?

பாஸ்டன்: சாவு வீட்டுக்குள்ளேயே வந்த சண்டை

1992 மே மாதம். பாஸ்டன் நகரின் மாட்டபான் பகுதியில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சர்ச்சில், சுட்டுக்கொல்லப்பட்ட ஓர் இளைஞருக்கு இறுதி ஆராதனை நடந்துகொண்டிருந்தது. எதிர் கும்பல் சர்ச்சுக்குள்ளேயே புகுந்து தாக்கியது. அங்கே வந்திருந்த ஓர் இளைஞருக்குக் கத்திக்குத்து விழுந்தது.

"பசங்க சர்ச்சுக்கு வரலைன்னா, நாம தெருவுக்குப் போகணும்" என்ற முடிவுக்கு சில போதகர்கள் வந்தார்கள். யூஜின் ரிவர்ஸ், ரே ஹாமண்ட், ஜெஃப்ரி பிரவுன் உள்ளிட்டோர் சேர்ந்து 'டென்பாயின்ட் கோயலிஷன்' அமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் கும்பல்கள் நிற்கும் தெருக்களில் நடந்தார்கள். முதலில் யாரும் பேசவில்லை. வாராவாரம் அதே நேரத்துக்கு அதே முகங்கள் வந்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

அடுத்து 1996-ல் 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' வந்தது. போலீஸ், நன்னடத்தை அதிகாரிகள், தெருப் பணியாளர்கள், போதகர்கள் எல்லாரும் ஒரே அறையில் கும்பல் இளைஞர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். சொன்ன செய்தி ரெண்டுதான்: சுடுறதை நிறுத்தினா வேலை, படிப்பு, சிகிச்சைக்கு உதவி உண்டு; நிறுத்தலைன்னா மொத்தக் கும்பல் மேலயும் சட்டம் பாயும். 1990-ல் 152 ஆக இருந்த பாஸ்டனின் கொலை எண்ணிக்கை 1999-ல் 31-க்கு இறங்கியது.

இதில் சர்ச்சின் பங்கு எவ்வளவு, போலீஸின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் பல நகரங்களிலும் கொலைகள் குறைந்தன. முழுப் புகழையும் சர்ச்சுக்குக் கொடுப்பது சரியில்லை. ஆனால், போலீஸை நம்பாத தெருவில் அந்தச் செய்தியைக் கேட்க வைத்தது போதகர்களின் முகம்தான்.

நாகாலாந்து: இந்தியாவுக்குள்ளேயே ஒரு பாடம்

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் நாகாலாந்து. 1964-ல் நாகாலாந்து பாப்டிஸ்ட் சர்ச் கவுன்சில் எடுத்த முயற்சியால் ஓர் அமைதிக் குழு உருவானது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அன்றைய அசாம் முதல்வர் பி.பி.சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகியோர் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 6-ல் போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. அது நிரந்தரமாக நிற்கவில்லை. 1966-ல் மைக்கேல் ஸ்காட் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். பேச்சுவார்த்தையும் முறிந்தது.

பிறகு நாகா ஆயுதக் குழுக்கள் பல பிரிவுகளாக உடைந்தன. அரசுப் படைகளோடு நடந்த மோதல் போய், நாகாவே நாகாவைச் சுடும் நிலை வந்தது. 2008-ல் இறையியல் ஆசிரியரான வாதி ஐயர் ஒருங்கிணைப்பில் 'நாகா நல்லிணக்க மன்றம்' தொடங்கியது. எதிரெதிர் குழுக்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். பேச்சு சிக்கினால் பிரார்த்தனை, அதுவும் சிக்கினால் மறுபடி பேச்சு. கோஹிமாவில் கால்பந்து போட்டி கூட நடந்தது. துப்பாக்கி ஏந்தியவர்கள் ஜெர்சி போட்டு இறங்கினார்கள். 2009 ஜூனில் முக்கியக் குழுக்களின் தலைவர்கள் நல்லிணக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். குழுக்களுக்கு இடையிலான கொலைகள் வெகுவாகக் குறைந்தன. பிற்பாடு புதுப் பிளவுகளும் வந்தன, சாவுகளும் நடந்தன.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நாகாலாந்தில் துப்பாக்கி தூக்கியவர்களும் கிறிஸ்தவர்களே. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டவர்களே திங்கட்கிழமை சுட்டார்கள். பிரசங்கம் மட்டும் போதும் என்றால் அங்கே ஒரு குண்டு கூட வெடித்திருக்கக் கூடாது. சலிக்காமல், வருஷக்கணக்கில், ரெண்டு பக்கமும் போய் உட்கார்ந்த வேலைதான் கொஞ்சமாவது பலன் தந்தது.

மொசாம்பிக்: துப்பாக்கி கொடுத்தா தையல் மெஷின்

உள்நாட்டுப் போர் 1992-ல் முடிந்தபோது மொசாம்பிக் நாட்டின் வீடுகளிலும் வயல்களிலும் ஏராளமான துப்பாக்கிகள் புதைந்து கிடந்தன. 1995-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டினிஸ் செங்குலானே முன்னெடுக்க, அந்நாட்டு கிறிஸ்தவ கவுன்சில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆயுதத்தை ஒப்படைத்தால் மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின் கிடைக்கும். ஒரு கிராமமே சேர்ந்து ஆயுதங்களைக் கொடுத்து டிராக்டர் வாங்கியது. வெட்டி நறுக்கிய துப்பாக்கிகளால் ஒரு கலைஞர் செய்த சிம்மாசனம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆயுதத்தைக் கொடுப்பவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. இதுதான் திட்டத்தின் மையம்.

உத்திரமேரூர் பக்கம் இது நடக்குமா?

அப்படியே காப்பி அடிக்க முடியாது. காரணம் எளிது. 2011 கணக்கெடுப்பின்படி நாகாலாந்தில் சுமார் 88 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஒரு ஆயரோ பங்குத்தந்தையோ தெருவில் இறங்கி "சண்டையை நிறுத்துங்க" என்றால், "மதம் மாத்த வந்துட்டாங்க" என்ற பேச்சு வர ஒரு நாள் போதும். சர்ச்சுக்குள்ளேயே சாதிப் பிரிவு இருக்கும் ஊர்களில், ஒரு தரப்பின் ஆளாக முத்திரை விழவும் வாய்ப்பு அதிகம்.

ஆனால், இந்தப் பக்கம் சர்ச்சின் பலம் ஆராதனைக் கூடத்துக்கு வெளியே இருக்கிறது. பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி. காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் பெயரில் ஒரு பள்ளியே இயங்குகிறது. இங்கெல்லாம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களைத் தினமும் பார்ப்பது யார்? விடுதி வார்டன், பி.டி. மாஸ்டர், அருட்சகோதரி, உபதேசியார், கோயில்பிள்ளை, பாடகர் குழுவுக்கு கீபோர்டு சொல்லித் தருபவர், ஸ்கூல் வேன் டிரைவர். 'சர்ச் ஊழியர்கள்' என்றால் உண்மையில் இவர்கள்தான்.

பிளஸ் ஒன் படிக்கிற பையன் திடீர்னு புது பைக்கில் வர்றான், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாளோடு யாரோ ஒரு 'அண்ணன்' போட்டோ வைக்கிறான், ஸ்கூலுக்கு வர்றதை நிறுத்துறான். இது போலீஸுக்குத் தெரிய ஆறு மாசம் ஆகும். வேன் டிரைவருக்கு ஒரே வாரத்தில் தெரியும். அந்த ஆறு மாசம்தான் முக்கியம். 16 வயது தாண்டியவர் கொலை போன்ற கொடிய குற்றத்தில் சிக்கினால், சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி, முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு பெரியவரைப் போல விசாரிக்கப்படலாம். நாட்டு வெடிகுண்டு தொட்டால் 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் வரும். லைசென்ஸ் இல்லாத சாதாரண துப்பாக்கியை வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

தெரிஞ்சா போலீஸ்ல சொல்லணுமா?

இங்கேதான் சிக்கல். எல்லாத்தையும் போலீஸிடம் ஒப்பிப்பவர் என்று பெயர் வந்தால், எந்தப் பையனும் வாயைத் திறக்க மாட்டான். எதையுமே சொல்லாவிட்டால் ஒரு உயிர் போகலாம். சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 33-வது பிரிவின்படி, கொலை, கொள்ளை போன்ற குறிப்பிட்ட குற்றங்கள் நடந்ததோ, நடத்தத் திட்டம் இருப்பதோ தெரிந்தால், நியாயமான காரணம் இல்லாமல் போலீஸிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொல்லாமல் இருக்கக் கூடாது. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்கு அப்படித் தனியாக எதுவும் எழுதப்படவில்லை.

அதனால் ஊழியர்கள் இந்தக் கோட்டைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "நீ யாரோட சுத்துறன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா, ஒரு உயிருக்கு ஆபத்துன்னா சும்மா இருக்க மாட்டேன்." இப்படி வெளிப்படையாகப் பேசியவரைத்தான், கடைசி நேரத்தில் பயந்துபோன பையன் ராத்திரி 11 மணிக்குப் போனில் கூப்பிடுவான்.

என்ன செய்யலாம்?

செங்கல்பட்டு கத்தோலிக்க மறைமாவட்டமும் சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயமும் நினைத்தால் பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பயிற்சி. ஆயருக்கு மட்டும் கருத்தரங்கு நடத்திப் பயனில்லை. வார்டனும் வேன் டிரைவரும் அதில் உட்கார வேண்டும். எதைக் கவனிப்பது, யாரிடம் சொல்வது, 1098 குழந்தைகள் உதவி எண்ணை எப்போது அழைப்பது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ரெண்டாவது, மாற்று வழி. கும்பலை விட்டு வருபவனுக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஐ.டி.ஐ. சீட், டிரைவிங் லைசென்ஸ், ஒரு அப்ரண்டிஸ் இடம்; மொசாம்பிக்கின் தையல் மெஷினுக்கு இங்கே இதுதான் ஈடு.

மூணாவது, தனியாகச் செய்யாமல் இருப்பது. கோயில் நிர்வாகி, ஜமாத் தலைவர், ஊராட்சித் தலைவர், காவல்துறையின் சிறார் மன்றம் எல்லாரையும் சேர்த்தால்தான் 'மதம் மாத்துறாங்க' என்ற சந்தேகம் எழாது. ஒரு கொலை நடந்த வீட்டுத் துக்கத்துக்கு இவர்கள் சேர்ந்து போய் உட்கார்ந்தாலே, பழிக்குப் பழி பேச்சின் சூடு கொஞ்சம் தணியும்.

நாலாவது கொஞ்சம் கசப்பானது. திருவிழா பேனரில் யார் போட்டோ இருக்கிறது? அன்னதானத்துக்கு யார் பணம் வருகிறது? கொலை வழக்கில் இருப்பவரை மேடையில் ஏற்றி சால்வை போர்த்திவிட்டு, அடுத்த வாரம் பசங்களிடம் "ரவுடித்தனம் வேண்டாம்" என்றால் யார் நம்புவார்கள்? இது சர்ச்சுக்கு மட்டும் இல்லை, எல்லா விழாக் கமிட்டிக்கும் பொருந்தும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணமும் தேவையில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு, சபை வாரியங்களுக்கு யார் பெயரை எழுதிப் போடக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. கணக்கு காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோருடன், முரட்டுத் துணிச்சல்காரரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அந்த ஊர் சபையில் எல்லாருக்கும் இடம் இருந்துவிடவில்லை. நிலம் உள்ளவர்களின் சபை அது. ஆனாலும், வன்முறைக்காரருக்குப் பொது மரியாதை கிடையாது என்பதை எழுதியே வைத்திருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு பேனர் டிசைன் செய்யும் கமிட்டி அந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டாலே நல்ல தொடக்கமாக இருக்கும்.