வேறு வேலை தேடும் உரிமை

“கையிலதான் வேல இருக்கே, அப்புறம் என்னய்யா?” இதை மேனேஜரும் கேட்கிறார், நம் தெருப் பெரியவரும் கேட்கிறார். மேனேஜருக்கு கவுண்டரில் ஆள் குறையக் கூடாது. பெரியவருக்கு, வந்த சோறும் போய்விடுமோ என்கிற பயம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே சுவராகத்தான் தெரிகிறது.

நான் ஜீயபுரத்துக்காரன். வங்கியில் குமாஸ்தா. எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். காலையில் கரூர் ரோட்டில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. கேஷ் டேலி ஆகாவிட்டால் அதுவும் இல்லை. இதற்கிடையில் அதிகாரித் தேர்வுக்குப் படி என்கிறார்கள். ஐ.பி.பி.எஸ். அதிகாரித் தேர்வுக்குப் பொதுவில் வயது வரம்பு 30, நமக்கு 35. குடிமைப்பணித் தேர்வுக்குப் பொதுவில் 32, நமக்கு 37. இந்த 5 ஆண்டுத் தளர்வைப் பார்த்துத்தான் சாதி இந்து நண்பர்கள் “ஒனக்கென்னப்பா சலுகை” என்று பல்லைக் காட்டுகிறார்கள். அந்த 5 ஆண்டு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நகைக்கடன் வரிசையிலும் பென்ஷன் வரிசையிலும் போகிறது. சட்டம் கொடுத்ததைக் கவுண்டர் தின்கிறது.

மிச்சம் இருப்பது ரெண்டாவது, நாலாவது சனியும் ஞாயிறும். அந்த சனிக்கிழமை விடுமுறையும் 2015 செப்டம்பரில்தான் வந்தது. அன்றைக்கு வீட்டுத் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு மனு, முதியோர் பென்ஷன் ஏன் நின்றது, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரம், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட ஒருத்தர். சேரியில் முதலில் படித்து வேலைக்குப் போனவன் ஒரு ஆளல்ல, ஒரு ஆபீஸ். இதில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் இல்லாவிட்டால் நானும் இல்லை. ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து சீட்டுக்காரர் தில்லைநகரில் கோச்சிங் கிளாசில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மனு எழுதித் தர மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். நேரம் என்பதும் நிலம் மாதிரி பரம்பரைச் சொத்துதான் தோழர்களே. நமக்குப் பட்டா இல்லை.

கூட்டங்களில் மாணவர்களைத் திட்டுகிற அண்ணன்கள் உண்டு. “அம்பேத்கர் பதினெட்டு மணி நேரம் படிச்சாருடா, ஒனக்கு நேரமில்லையா?” நல்லது. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1913-ல் பரோடா அரசின் உதவித்தொகைக்காக, படிப்பு முடிந்ததும் 10 ஆண்டு அங்கே வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1917-ல் போனார். தங்க இடம் கொடுக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் திரும்பினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர், மாதம் 450 ரூபாய். அந்த வேலையில் இருந்துகொண்டேதான் 1919-ல் சவுத்பரோ குழு முன் சாட்சியம் சொன்னார், 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ தொடங்கினார். ஆனால் லண்டன் படிப்பை முடிக்க 1920 மார்ச்சில் வேலையை விட்டார். சம்பளத்தில் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன், வீட்டில் ரமாபாய் பட்ட பாடு. இவ்வளவும் சேர்ந்துதான் அவருக்கு நேரம் வாங்கித் தந்தது. திட்டுகிற அண்ணன்கள் பதினெட்டு மணி நேரத்தைச் சொல்கிறார்கள், ஐயாயிரத்தைச் சொல்வதில்லை. ரமாபாயைச் சொல்வதே இல்லை.

வேறு வேலை தேடுவதை ஆசை, பேராசை என்று பேசுகிறவர்களுக்கு இந்த நாட்டுச் சட்டத்தைக் காட்ட வேண்டும். 1859-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை ஜெயில். 1925-ல்தான் அது ரத்தானது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமை யார் என்று சொல்லும்போது அடி உதையை மட்டும் சொல்லவில்லை. வாங்கிய கடனுக்காக, வேறு வேலையோ பிழைப்போ தேடிக்கொள்ளும் சுதந்திரத்தை ஒருவன் இழப்பதையும் சொல்கிறது. பண்ணையாளாக இருந்த நம் தாத்தனுக்கு இல்லாமல் போனது கூலி மட்டுமல்ல, “நான் வேற எடத்துக்குப் போறேன்” என்று சொல்லும் வாய்.

குமாஸ்தாவும் கொத்தடிமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் செங்கல் சூளையில் கிடக்கிறவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் கயிறு நீளமானாலும் கயிறுதான். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க மேலதிகாரியின் தடையின்மைச் சான்று வேண்டும். நான் கேட்டபோது “இப்பத்தான வந்தே” என்று ஃபைலை ஓரமாக வைத்தார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கோ 2013 டிசம்பர் 23 தேதியிட்ட குறிப்பாணை இருக்கிறது. வருஷத்துக்கு நாலு விண்ணப்பம் அனுப்பலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரின் விண்ணப்பத்தை மிக அரிதான பொதுநலக் காரணம் தவிர உடனே அனுப்ப வேண்டும். வங்கிகள் தனித்தனி விதி வைத்திருக்கின்றன, அங்கே இந்த வரி நம்மைக் காப்பாற்ற வருவதில்லை.

அடுத்தது பாண்டு. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் எடுக்கப் பொதுத்துறைக்குச் செலவாகிறதாம். சரி. வீடு வாசல் உள்ளவனுக்கு 2 லட்சம் ஒரு செலவு. முதல் தலைமுறைச் சம்பளக்காரனுக்கு அது பண்ணையார் கொடுத்த முன்பணம் மாதிரி, கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது. (அந்த விஜயா வங்கி 2019-ல் பரோடா வங்கியோடு இணைந்துவிட்டது. பரோடா நம்மை விடுவதாயில்லை.)

தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போராடுகின்றன, போராடட்டும். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் சம்பளத்தோடு விடுப்பு, பட்டியல் சாதி ஊழியருக்குக் கேட்டவுடன் தடையின்மைச் சான்று, பாண்டிலிருந்து விலக்கு என்று மாநாட்டில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். “ஆள் போயிட்டா சங்கத்துக்கு என்ன லாபம்?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். தினக்கூலித் துப்புரவுத் தொழிலாளி வேறு வேலை கேட்டுப் போகிற நாளில் அன்றைய கூலியே போகிறது. அவருக்கும் சேர்த்துத்தான் இதைக் கேட்க வேண்டும்.

தீர்மானம் வரும்வரை காத்திருக்க வயது இல்லை. முத்தரசநல்லூரிலிருந்து பெட்டவாய்த்தலை வரை வேலைக்குப் போகிற ஏழு பேர் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். திண்ணை மனுக்களை முறை வைத்துப் பார்க்கிறோம். அந்த வாரம் முறை உள்ளவர் எழுதுவார், மற்றவர்கள் படிப்பார்கள். ரெண்டு பேர் பெண்கள், அவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு யார் பார்ப்பது என்றும் பேசி முடிவு செய்தோம். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பேச்சாக இருந்தது. ஒருத்தர் சண்டை போட்டுக்கொண்டு போய், அடுத்த வாரம் திரும்பி வந்தார். வருகிற நாலாவது சனி என் முறை. ஸ்காலர்ஷிப் ஃபாரம் உள்ளவர்கள் வருமானச் சான்றிதழோடு வரவும்.