நாயின் தினவும் பூட்டிக் கிடந்த வீடும்

மும்பையிலிருந்து நம் அன்பர் ஒருவர் எழுதுகிறார். கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் திருநெல்வேலி சென்றிருந்தாராம். நாற்பது நாளும் அவர்தம் நாயை அண்டை வீட்டு மராத்தியக் குடும்பத்தார் அன்புடன் பேணினராம். அங்கு நலமாயிருந்த நாய், இவர்கள் திரும்பி வந்து வீட்டில் சேர்த்த ஒரு வாரத்திற்குள் ஓயாது சொறியத் தொடங்கியது. வாலடியில் மயிர் உதிர்ந்து தோலும் புண்பட்டுவிட்டது. "தொற்றுநோய் போலும், எங்கேனும் விட்டுவிடுவோம்" என்கின்றனர் பெரியவர்கள். பிள்ளையோ உண்ண மறுக்கிறான். என் செய்வது என்று கேட்கிறார் அன்பர்.

அன்பரே, நாயைத் துரத்த வேண்டா. முதற்கண் வீட்டை ஐயுறுங்கள்.

தினவு நோயின் அறிகுறியேயன்றித் தனியொரு நோயன்று. அண்டை வீட்டில் இல்லாத தினவு உங்கள் வீட்டில் தோன்றியதாலும், அது வாலடியில் மிகுந்திருப்பதாலும், தெள்ளுப்பூச்சியே காரணமாயிருக்கலாம். அதன் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும். பல நாள் தினவெடுக்கும்.

பூட்டிய வீட்டில் பூச்சி ஏது என்பீர்கள். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை நாயின் உடலினின்று உதிர்ந்து ஜமக்காளத்திலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் தங்கும். புழுவாகிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டினுள் பல வாரம், சில வேளை மாதக்கணக்கிலும், காத்திருக்கும். ஆள் நடக்கும் அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளிவரும். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே நடந்ததே அதற்கு அழைப்பு.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. நாயின் மயிரை நெருக்கமான சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை நனைத்த வெள்ளைத் துணியில் இடுக. செந்நிறம் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். செரித்த குருதியே அந்நிறம்.

நாய் படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. தரையையும் மெத்தையையும் நாள்தோறும் தூசி உறிஞ்சும் கருவியால் துப்புரவு செய்க. கால்நடை மருத்துவர் தரும் தெள்ளு மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தவறாது கொடுத்து வருக. கூட்டிலுள்ளவை தவணை தவணையாக வெளிவருமாதலின் ஒருமுறை மருந்திட்டு நிறுத்தினால் பயனில்லை. வீட்டில் பூனையும் இருப்பின் மருத்துவரிடம் சொல்லிவிடுக. நாய்க்கு ஏற்ற பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு.

மண்ணெண்ணெய், பினாயில், வண்டியின் பழைய எண்ணெய் இவற்றைப் பூசுதல் கூடவே கூடாது. நாய் நக்கி உட்கொள்ளும், புண்ணும் எரியும். நமக்கு வாங்கிய களிம்பும் அதற்கு ஆகாது.

பெரியவர்களின் அச்சத்தையும் தள்ளிவிடற்கில்லை. நுண்ணிய சிற்றுண்ணியால் வரும் ஒருவகைச் சொறி, பிற நாய்களுக்குத் தொற்றும். மனிதருக்கும் தினவு தரும். காது விளிம்பிலும் முழங்கையிலும் அது மிகும். மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். அதுவாயினும் தீர்க்க மருந்துண்டு. தெள்ளுமின்றிச் சொறியுமின்றித் தினவு நீடித்தால், உணவோ தூசியோ மகரந்தமோ ஒவ்வாதிருக்கலாம். அதனைக் கண்டறியப் பொறுமை வேண்டும். உணவுச் சோதனைக்கே எட்டு வாரம் ஆகும்.

அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் நாய்க்கு மருந்திட்டு, வீட்டையும் துப்புரவு செய்துவிட்டுப் பூட்டுக. பிள்ளையிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள், நாய் வீட்டிலேயே இருக்கும் என்று.