ஒரு ஆல்பத்தை முழுசா கேட்டே ஆகணுமா?

கொஞ்சம் நீளமான த்ரெட். இன்னைக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. பாட்டு மட்டும்தான். ராகம் தெரியாத, கிட்டாரைக் கையில தொட்டதே இல்லாத ஒருத்தனோட அபிப்ராயம் இது. சண்டைக்கு வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு வாங்க.

போன வாரம் என்கூட வேலை பார்க்கிற ஒரு இளம் டாக்டர் கேட்டார். "சார், வாழ்க்கையில கேட்டே ஆகவேண்டிய ராக், பாப் ஆல்பம்னு ஒரு பட்டியல் பார்த்தேன். ஒரு பாட்டு கூட ஸ்கிப் பண்ணாம வரிசையா கேட்கணுமாம். நீங்க எத்தனை கேட்டிருக்கீங்க?"

பாதிக்கு மேல கேட்டிருக்கேன். ஸ்கிப் பண்ணாம கேட்டதை விரல் விட்டு எண்ணிடலாம். அதுக்குக் காரணம் லாங் பஜார்.

வேலூர் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மண்டி வீதி, சுண்ணாம்புக்காரத் தெரு, நேதாஜி மார்க்கெட் எல்லாம் பக்கத்துல பக்கத்துல கிடக்கிற வியாபாரத் தெரு லாங் பஜார். எங்கப்பாவுக்கு அங்கே மளிகை வியாபாரம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்கு வந்து மூட்டை எண்ணணும். பக்கத்துச் சந்துல ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. நோட்டுப் புத்தகத்துல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா, ரெண்டு நாள்ல பதிவு பண்ணித் தருவார் அந்த அண்ணன்.

அப்போ நம்ம ஊர்ல 'ஆல்பம்'னா கல்யாண போட்டோ ஆல்பம்தான். ஒரு படத்துக்கு அஞ்சாறு பாட்டு, அதுல பிடிச்சது ரெண்டோ மூணோ. பத்துப் படத்துலேர்ந்து பொறுக்கி எடுத்து ஒரு கேசட்டை நிரப்புவோம். இன்னைக்கு பிளேலிஸ்ட்னு சொல்றாங்களே, அதை 80-களிலேயே பஜார்ல பால்பாயின்ட் பேனாவால எழுதினவங்க நாங்க.

சிக்ஸ்டி கேசட்ல ஒரு பக்கம் 30 நிமிஷம். ஆறு பாட்டு போட்டா ரெண்டு மூணு நிமிஷம் மிச்சம் இருக்கும். அண்ணன் டேப்பைச் சும்மா விடமாட்டார். மிச்சத்துல ஏதாவது ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போட்டு நிரப்பிடுவார். பெரும்பாலும் போனி எம். 'ராஸ்புடின்' முழுசா இடம் பத்தாது, பாதியில டக்குனு வெட்டுப்படும். அந்தப் பாட்டே அங்கதான் முடியுதுன்னு ரொம்ப வருஷம் நினைச்சிட்டிருந்தேன்.

1987-ல மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல். அங்கே ஒரு சீனியர் ரூம்ல பிங்க் ஃபிளாய்ட் ஓடும், லைட்டை அணைச்சிட்டுக் கேட்பாங்க. "உனக்கு என்னடா பிடிக்கும்?"னு கேட்டார். போனி எம்னு சொன்னேன். ரூமே சிரிச்சது. "பஜார் டேஸ்ட்." அந்த ரெண்டு வார்த்தை ஒரு வருஷம் எனக்குப் பட்டப்பேரா இருந்தது. அதுக்கப்புறம் யார் கேட்டாலும் பிங்க் ஃபிளாய்ட்னு சொல்லக் கத்துக்கிட்டேன். இன்னைக்கு வயசு ஐம்பத்தஞ்சைத் தாண்டியாச்சு. இனிமே என்ன வெட்கம்? உண்மையைச் சொல்லிடறேன்.

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973): முழுசா கேட்க வேண்டியதுதான். சீனியர் சொன்னது சரி, சிரிச்சது தப்பு. இதயத் துடிப்புல ஆரம்பிச்சு இதயத் துடிப்புலயே முடியுது. நடுவுல வெட்டினா ஒண்ணும் நிக்காது. 'மணி' பாட்டு பெரும்பாலும் ஏழு ஏழா எண்ணிப் போகும். மிருதங்கம் வாசிக்கிற நண்பர் ஒருத்தர் கேட்டுட்டு, "இது நம்ம மிஸ்ர சாபு மாதிரி இருக்கே"ன்னு தொடையில தாளம் போட்டார். ஆனா இதையே தினம் கேட்க முடியுமா? என்னால முடியாது. டூட்டி முடிஞ்சு வந்த மனுஷனுக்கு மறுபடியும் லப் டப்பா?

'த்ரில்லர்' (1982): ஒன்பது பாட்டுல ஏழு சிங்கிளா வந்து ஏழுமே அமெரிக்காவுல டாப் டென்னுக்குள்ள போச்சு. மிச்ச ரெண்டு ஏன் போகலைன்னு கேட்டுப் பார்த்தா புரிஞ்சிடும். 'தி கேர்ள் இஸ் மைன்' வந்தா நான் இன்னும் ஃபார்வர்டு பட்டனைத் தேடுறேன், பால் மெக்கார்ட்னி மன்னிக்கணும். 'ஹ்யூமன் நேச்சர்' ஒண்ணு போதும் எனக்கு.

'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976): முதல் பாட்டு, கடைசிப் பாட்டு. நடுவுல என்ன இருக்குன்னு இத்தனை வருஷம் கழிச்சும் என்னால சொல்ல முடியலை.

பீட்டில்ஸ்ல எல்லாரும் தூக்கி வைக்கிறது 'சார்ஜென்ட் பெப்பர்' (1967). எனக்கு 'ஏபி ரோட்' (1969) ரெண்டாம் பக்கம்தான். முடிக்காத சின்னச் சின்னப் பாட்டுகளை ஒண்ணோட ஒண்ணு தைச்சு ஒரு பதினாறு நிமிஷம் ஓட்டியிருப்பாங்க. துண்டுப் பாட்டுலயே வளர்ந்த பஜார் காதுக்கு அது ரொம்ப நெருக்கமா இருந்தது. பட்டப்பேர் வச்சவங்களுக்கு இதைச் சொல்லணும்னு ஆசை!

இப்போ நிஜமான விஷயத்துக்கு வர்றேன். ஸ்கிப் பண்ணாம நான் முதல்ல கேட்ட ஆல்பம் வெளிநாட்டுது இல்லை. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' (1986). லீவுல ஊருக்கு வந்தப்போ அந்த ரெக்கார்டிங் அண்ணன் கையில கொடுத்து, "இதுல லிஸ்ட் எழுதாத தம்பி, அப்படியே கேளு"ன்னார். பாட்டு வெட்டியே பிழைச்ச மனுஷன் சொன்ன வார்த்தை அது.

பத்து உருப்படி, பாடுற குரல் கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக் இறந்தது 1750, தியாகராஜர் பிறந்தது 1767. ரெண்டு பேரும் ஒரே காத்தைச் சுவாசிச்சதே இல்லை. வயலின் வாசிச்சவர் வி.எஸ். நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேட்டப்போ பாக் யாருன்னே எனக்குத் தெரியாது. பேரைக்கூட 'பேச்'னுதான் படிச்சேன். அதனால எதுவும் குறைஞ்சு போகலை. மளிகைக் கடை மாடியில, மிளகாய் நெடியில, தும்மிக்கிட்டே ரெண்டு பக்கமும் கேட்டேன். தலைப்பைப் பார்த்துச் சிரிச்ச உருப்படி 'டோன்ட் கம்பேர்'. ஹாஸ்டலுக்குப் போனதும் எடுத்துக் காட்டணும்னு நினைச்சேன். காட்டலை. தைரியம் வரலை. அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

இதை 'ஃப்யூஷன்'னு ஒரு டப்பாவுல போடுறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. தாளிப்பும் குழம்பும் ஒண்ணா சேர்ந்தா அதை ஃப்யூஷன்னா சொல்றோம்?

ஆனா ராஜா ரசிகர்கள் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, ரெண்டு வருஷம் கழிச்சு வந்த 'நத்திங் பட் விண்ட்'தான் எனக்கு ஒரு படி மேல. ஹரிபிரசாத் சௌராஸியாவோட புல்லாங்குழல். முதல் ஆல்பத்துல ராஜா கொஞ்சம் நிரூபிச்சுக் காட்டுற மாதிரி தெரியும். 'ஃப்யூக்'னு தலைப்பிலேயே போட்டு, பார்த்தியா எனக்கும் தெரியும்னு சொல்ற மாதிரி. ரெண்டாவதுல யாருக்கும் எதையும் காட்டவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இது என் ஹாஸ்டல் புண் பேசுறதாவும் இருக்கலாம்.

நடுவுல டாக்டரா ஒரே ஒரு வரி சொல்லிக்கிறேன். இயர்போன்ல கேட்கிறவங்க சத்தத்தைக் குறைச்சு வைங்க. பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு. வயசானா மேல் ஸ்தாயி முதல்ல போகும். என் ஆடியோகிராம்லயும் அந்தச் சரிவு ஆரம்பிச்சாச்சு. வயலினோட கூர்மை அப்போ மாதிரி இப்போ எனக்குக் கேட்கிறதில்லை. அப்போ முழுசா கேட்டது நல்லதாப் போச்சு.

அந்த இளம் டாக்டருக்கு நான் அனுப்பின லிஸ்ட்ல அஞ்சுதான் இருந்தது. ராஜாவோட ரெண்டு, பிங்க் ஃபிளாய்ட் ஒண்ணு, 'ஏபி ரோட்' ரெண்டாம் பக்கம் மட்டும், கடைசியா போனி எம்மோட 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' (1978). "சார், போனி எம்மா?"ன்னு சிரிக்கிற எமோஜி போட்டிருந்தார். ஆமாம்ப்பா, போனி எம்தான். அந்த ஆம்பளைக் குரல் மேடையில ஆடினவரோடது இல்லை, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனோடதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும்தான் சொல்றேன்.

அந்த கேசட்டோட பிளாஸ்டிக் டப்பா மட்டும் இன்னும் வீட்டுல இருக்கு, உள்ளே டேப் சிக்கிப் போயாச்சு. 'ராஸ்புடின்' பாட்டை முழுசா இன்டர்நெட்ல கேட்டப்போ எனக்கு நாற்பது வயசு. கடைசியில அந்த ஆளைக் கொன்னுடறாங்கன்னு அப்போதான் தெரியும். லாங் பஜார் கேசட்டுல ராஸ்புடின் சாகவே இல்லை.