திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டலாமே!
இந்திய கால்பந்து அணிக்கு கைதட்ட ஆள் தேவை

கும்மிடிப்பூண்டி,—

உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் போதும். கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் அர்ஜென்டினாவா, பிரேசிலா என்று சண்டை தூள் பறக்கும். சிப்காட்டில் ஷிப்டு முடித்தவர்கள் தூக்கத்தை விட்டு டி.வி. முன் உட்காருவார்கள். இந்திய அணி ஆடினால்? "அட போப்பா, தோற்கிற கோஷ்டி!"

காலி நாற்காலிகள்

மும்பையிலும் இதே கதைதான். 2018 ஜூன் 1-ந் தேதி அங்கே சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று நொறுக்கியது. பார்க்க வந்தவர்கள் 3 ஆயிரம் பேர்கூட இல்லை!

மறுநாள் கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கெஞ்சினார். ஐரோப்பிய கிளப்புகளின் தரம் எங்களிடம் இல்லைதான். திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்றார்.

4-ந் தேதி கென்யாவுடன் ஆட்டம். சேத்ரிக்கு அது 100-வது சர்வதேசப் போட்டி. கொட்டும் மழை. ஆனாலும் டிக்கெட் அத்தனையும் தீர்ந்தது! சேத்ரி 2 கோல், அப்போது சென்னையின் எப்.சி.யில் ஆடிய ஜேஜே 1 கோல். இந்தியா 3-0 வெற்றி.

எடுபட்டது எப்படி?

சேத்ரி பெருமை பேசவில்லை. குறையை ஒப்புக்கொண்டு கூப்பிட்டார். ஜனங்கள் வந்தார்கள்.

2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றதில், 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போய்விட்டது. ஜெயிக்கிற கட்சிக்கு கைதட்ட எப்போதும் ஆள் உண்டு. தோற்கிறவனுக்குத்தான் ஆள் வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் தட்டுகிற கை அர்ஜென்டினாவுக்கு கேட்காது. நம்ம பையன்களுக்கு கேட்கும்!