"ஒரு துண்டு குறைகிறது, டாக்டர்!"

ஆபரேஷன் முடியும் நேரம். டாக்டர் தையல் போடத் தயாராகிறார். அப்போது பக்கத்தில் நிற்கும் நர்சு, "கணக்கில் ஒரு துண்டு குறைகிறது, டாக்டர்" என்கிறார்.

உடனே கைகள் நிற்க வேண்டும். மேஜையில் தேட வேண்டும். தரையில் தேட வேண்டும். வயிற்றுக்குள்ளும் தேட வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அது ரத்தம் ஒற்றும் சிறு துணி. உள்ளே தங்கிவிட்டால் சீழ் பிடிக்கும். உயிருக்கே ஆபத்தாகும்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நர்சிங் ஹோம்கள் பல. அங்கே ஆபரேஷன் அறை வாசலில் கபாலீசுவரரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இதெல்லாம் தெரியாது. கதவு திறந்ததும் டாக்டரைக் கை கூப்பி வணங்குகிறோம். வணங்க வேண்டியதுதான். துண்டுகளை எண்ணிய கையை நினைக்க வேண்டாமா?

யாருக்கு என்ன வேலை?

ஆபரேஷன் அறையில் எல்லா நர்சுக்கும் ஒரே வேலை அல்ல.

ஒருவர் கை கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து, டாக்டர் அருகே நிற்பார். கத்தி, கத்தரி, இடுக்கி எது வேண்டுமோ அதைக் கேட்குமுன் எடுத்து நீட்டுவார். இவர் 'ஸ்க்ரப் நர்சு'.

இன்னொருவர் கிருமி நீக்கிய மேஜையைத் தொடமாட்டார். வேண்டிய பொருளைக் கொண்டுவருவார். கணக்கை எழுதுவார். இவர் 'சர்க்குலேட்டிங் நர்சு'. ஆபரேஷன் தொடங்குமுன்னும், உடலைத் தைத்து மூடுமுன்னும் இருவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள்.

மயக்கம் தெளியும்வரை மூச்சையும் நாடியையும் கவனிக்க வேறொரு நர்சு உண்டு. இவர்களுக்கெல்லாம் தலைமை, தியேட்டர் சிஸ்டர்.

பெயர் தெரியாதவர்கள்

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்வோம். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைத் தொடங்கியபோது 12 படுக்கைகள்தாம். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் பெயர்களை ஊரே அறியும். அங்கே ஆபரேஷன் மேஜை அருகே நின்ற நர்சுகளின் பெயர்கள்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்களின் எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை உலகம் உணர்ந்துவிட்டது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன், துணிக் கணக்கு சரியா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2009-ல் வெளிவந்தது. ஆயிரம் நோயாளிகளில் 15 பேர் இறந்த நிலை மாறி, 8 பேர் என்று குறைந்தது!

துணிவு வேண்டும்

ஆனால், பட்டியல் வெறும் காகிதம். பெரிய டாக்டர் முன்னால் "பொறுங்கள்" என்று சொல்ல, இளம் நர்சுக்குத் துணிவு வேண்டும். சொன்னால் திட்டு விழும் என்ற பயம் இருந்தால் யார் வாய் திறப்பார்கள்?

ஆஸ்பத்திரி நடத்துவோரே! நர்சு நிறுத்தச் சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள். அந்த வேலையில் கை தேர்ந்தவரை அடிக்கடி வார்டுக்கு மாற்றாதீர்கள்.

பெற்றோர்களே! "ரத்தம் பார்க்கிற வேலையா?" என்று முகம் சுளிக்காதீர்கள். பிளஸ்-2 வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாம். பையன்களும் சேரலாம். அதன்பின், ஆபரேஷன் அறை வேலைக்கென்றே ஓராண்டுப் படிப்பும் இருக்கிறது.

நாளை நம் வீட்டார் ஒருவர் அந்த மேஜையில் படுத்திருக்கலாம். அன்று டாக்டரின் கை தேர்ந்த கையாக இருக்கட்டும். நர்சின் வாய் அஞ்சாத வாயாக இருக்கட்டும்!