மத்தியூ லயனும் வரலாற்றாசிரியரின் நகைப்பும்

ஐக்கிய அமெரிக்காவின் ஆரம்பகால அரசியலைப் பற்றி எழுதுவோரிற் பலர், மத்தியூ லயன் என்ற பெயர் வந்ததும் நகைக்கத் தொடங்கிவிடுகின்றனர். காங்கிரஸ் சபையிலே சக உறுப்பினரின் முகத்தில் காறி உமிழ்ந்தவர் என்பதே அவரைப்பற்றி அவர்கள் தரும் அறிமுகமாகும். இந்நகைப்பு ஒரு வர்க்கத்தின் நகைப்பு என்பதையும், அரசைக் கண்டித்தமைக்காக மக்கட் பிரதிநிதி ஒருவர் சிறையிடப்பட்ட செய்தியை அது பின்தள்ளிவிடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயன் அயர்லாந்திற் பிறந்தவர். 1764 இல், பதினைந்து வயதளவில், கப்பற் கட்டணத்துக்கு ஈடாகத் தம் உழைப்பையே அடகுவைத்துக் கொனெற்றிக்கட் வந்து சேர்ந்தார். அங்கு அவருடைய பணி ஒப்பந்தம் ஒரு சோடி எருதுகளுக்காக இன்னோர் எசமானிடம் கைமாறியது. பின்னர் வேமொன்ற் பிரதேசத்திற் குடியேறி, 1783 இல் பெயர்ஹேவன் என்னும் சிற்றூரை நிறுவினார். இரும்பாலை, மரம் அரியும் ஆலை, கடதாசி ஆலை, அச்சகம் ஆகியன அவர் முயற்சியால் அங்கு எழுந்தன. அச்சிற்றூரின் பலத்திலேயே அவர் 1797 இல் காங்கிரசுக்குச் சென்றார்.

அப்போது ஜனாதிபதி ஜோன் அடம்சின் பெடரலிஸ்ட் கட்சி ஆதிக்கஞ் செலுத்தியது. உறுப்பினர்கள் ஊர்வலமாகச் சென்று ஜனாதிபதியிடம் உரை கையளிக்கும் சடங்கிலிருந்து தமக்கு விலக்களிக்குமாறு லயன் கேட்டார். முடியாட்சியின் நிழல் அதிற் படிந்திருப்பதாக அவர் கருதினார். கனவான்கள் அவரது பிறப்பையும் பேச்சையும் ஏளனஞ் செய்தனர்.

1798 ஜனவரி 30 ஆம் நாள் நிகழ்ந்ததை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். கொனெற்றிக்கட் ஆளுநராயிருந்த ஒருவரின் மகனும் யேல் கல்லூரியிற் கற்ற சட்டத்தரணியுமான ரோஜர் கிறிஸ்வோல்ட், புரட்சிப் போரின்போது லயன் படையிலிருந்து விலக்கப்பட்ட பழைய செய்தியைக் கிளறி, மரவாள் பற்றிக் கேட்டு இழிவுபடுத்தினார். லயன் உமிழ்ந்தார். அவரை வெளியேற்றும் பிரேரணைக்கு ஆதரவாக 52 பேரும் எதிராக 44 பேரும் வாக்களித்தனர். மூன்றிலிரண்டு பங்கு கிட்டாமையால் அது தோற்றது. பெப்ரவரி 15 ஆம் நாள், ஆசனத்தில் அமர்ந்திருந்த லயனைக் கிறிஸ்வோல்ட் கைத்தடியால் அடித்தார். லயன் கணப்படுப்பின் குறட்டை எடுத்து எதிர்த்தார். உமிழ்ந்தவருக்கு எஞ்சியது இழிபெயர். தடியால் அடித்தவரோ 1811 இல் கொனெற்றிக்கட் ஆளுநரானார். நாகரிகத்தின் அளவுகோல் இருவருக்கும் ஒன்றாக இருந்ததா?

அவ்வாண்டு ஜூலை 14 ஆம் நாள் அரச நிந்தனைச் சட்டம் நிறைவேறியது. அரசாங்கம், காங்கிரஸ், ஜனாதிபதி ஆகியோருக்கு எதிராகப் பொய்யும் அவதூறுமானவற்றை வெளியிடுவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் 2,000 டொலர் வரை தண்டமும் விதிக்க அது வழிசெய்தது. எதிரணியைச் சேர்ந்த உப ஜனாதிபதி ஜெபர்சனுக்கு மட்டும் அச்சட்டத்திற் பாதுகாப்பில்லை! அடம்சின் பதவிக்காலம் முடிவதற்கு முந்திய நாளான 1801 மார்ச் 3 உடன் அது காலாவதியாகுமென்றும் வகுக்கப்பட்டிருந்தது. சட்டம் யாருக்காக இயற்றப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அச்சட்டத்தின்கீழ் முதலிற் குற்றவாளியாகக் காணப்பட்டவர் லயனே. அடம்ஸ் அதிகார வேட்கையும் வீண் ஆடம்பரமும் உடையவர் என்ற கருத்துப்பட அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் முதன்மையான குற்றமாயிற்று. கடிதம் எழுதப்பட்டது ஜூனில், சட்டம் பிறப்பதற்கு முன்னர். அச்சேறியது அதன் பின்னர். சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் வாதாடினார். அது யூரர்கள் தீர்மானிக்கவேண்டிய விடயமன்று என்றார் நீதிபதி. நான்கு மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

வேமொன்ற் மக்கள் அளித்த தீர்ப்போ வேறாக இருந்தது. வேர்ஜென்ஸ் நகரச் சிறையில் இருந்தவாறே லயன் மீண்டும் காங்கிரசுக்குத் தெரிவுசெய்யப்பட்டார். 1801 பெப்ரவரியில் ஜனாதிபதித் தெரிவு காங்கிரசின் முன் வந்தபோது, முப்பத்தாறாவது வாக்கெடுப்பில் வேமொன்றின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்தவரும் அவரே.

லயனைப் பாட்டாளி வர்க்க வீரராகக் காட்டுவதும் தவறே. அவர் ஆலை உரிமையாளர், ஆளுநரின் மருமகன். பறிமுதல் நீதிமன்றத்தின் பதிவேடுகளை ஒப்படைக்க மறுத்தமைக்காக 1785 இல் குற்றஞ்சாட்டப்பட்டவர். எனினும், கருத்துரிமை குணசீலர்க்கு மட்டும் உரிய பரிசன்று. இனியவர் இனிய மொழியிற் கூறுவதை எந்த அரசும் பொறுத்துக்கொள்ளும். கரடுமுரடான மனிதனின் கடுஞ்சொல்லைப் பொறுக்கும்போதே உரிமை உரிமையாகிறது.

1822 இல் லயன் மறைந்தார். 1840 இல் காங்கிரஸ் அத்தண்டப்பணத்தை வட்டியுடன் அவர்தம் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. அரசு தன் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டது. நகைப்பவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வரலாறு பயிலும் நாம், ஒருவரைப் பார்த்துச் சிரிக்குமாறு ஒரு நூல் நம்மை அழைக்கும்போது, அச்சிரிப்பினால் எவருடைய குற்றம் மறைகிறது என்று கேட்கப் பழகுவோமாக.